செரேஷியா கிருமியும் வீக்க மாத்திரையும்: ஒரு தாயின் கேள்விகள்

கேள்வி:

"டாக்டர், என் மகன் 31 வாரத்தில் சிசேரியனில் பிறந்தான். பிறந்த எடை 1 கிலோ 400 கிராம். என்.ஐ.சி.யு.வில், அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். ஒன்பது நாள் நன்றாகத்தான் இருந்தான். நான் கறந்து கொடுத்த பாலை டியூப் வழியாகக் கொடுத்தார்கள், செரித்தது. பத்தாம் நாள் காலையில் துவண்டு போய்விட்டான். மூச்சு விட்டுவிட்டு வந்தது. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரில் 'செரேஷியா மார்செசன்ஸ்' என்று வந்தது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்த டெஸ்ட் முதலில் 14. ஊசி மருந்து ஆரம்பித்த மறுநாள் 68 ஆகிவிட்டது. கை கால், கண் இமையெல்லாம் உப்பிப்போனது. 'கிருமி சுரக்கிற என்சைமும் சேர்ந்துதான் உள்ளே அழற்சியைக் கிளப்புது, கொஞ்சம் பொறுங்க' என்றார் டாக்டர். 14 நாள் மருந்து போட்டு, எடை தேறிய பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது பிறந்து 50 நாள், எடை 2 கிலோ 100.

என் டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தபோதுதான் மனசு கெட்டுவிட்டது. தையல் வீக்கத்துக்கு எனக்குக் கொடுத்த மாத்திரையில் 'செரேஷியோபெப்டிடேஸ்' என்று இருக்கிறது. அதைச் சாப்பிட்டுக்கொண்டேதான் பால் கறந்து கொடுத்தேன். என் பால் வழியாகத்தான் அந்தக் கிருமி போயிற்றா? மாமியார், பாலை நிறுத்திவிட்டுப் பவுடர் பால் கொடு என்கிறார். மருந்து ஏற்றிய பிறகும் சி.ஆர்.பி. ஏன் ஏறியது? என்சைமைத் தடுக்க மருந்து இருக்கிறதா? எங்களிடம் காசில்லை என்று கொடுக்காமல் விட்டார்களா? இனிமேல் குழந்தைக்கு ஏதாவது வருமா?"

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பாலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிறுத்தாதீர்கள். ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். நீங்கள் சாப்பிட்ட மாத்திரையால் உங்கள் மகனுக்குத் தொற்று வரவில்லை, வருவதற்கு வழியும் இல்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. காரணத்தோடு சொல்கிறேன், உங்கள் மாமியாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

செரேஷியோபெப்டிடேஸ் என்பது ஒரு நொதி, அதாவது என்சைம். பட்டுப்புழுவின் குடலில் இருந்த செரேஷியா இனத்துப் பாக்டீரியா ஒன்றிலிருந்து 1960-களில் ஜப்பானில் அதைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் இதுதான். மாத்திரையில் இருப்பது சுத்திகரித்த புரதம் மட்டுமே. அதில் உயிருள்ள கிருமி கிடையாது. அரைத்த மாவிலிருந்து நெல் முளைக்குமா? அந்தப் புரதமும் வயிற்றுக்குள் போனால் மற்றப் புரதங்களைப் போலவே பெரும்பாலும் செரித்துவிடும். உங்கள் மகனின் ரத்தத்தில் வளர்ந்தது உயிருள்ள கிருமி. அது வந்த வழி வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மாத்திரையைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் இதை முதலில் விற்ற டகேடா நிறுவனம், மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் வித்தியாசம் எதுவும் தெரியாததால், 2011-ல் தானே சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. நம் ஊரில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளோடு சேர்த்து இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறோம். பிரசவத்துக்குப் பிறகு தையல் வலிக்குப் பாராசிட்டமாலும் இபுப்ரூஃபெனும் போதும். இரண்டும் பால் கொடுக்கும் தாய்க்குப் பாதுகாப்பானவை. இந்த வீக்க மாத்திரை உங்களுக்குத் தேவைப்படவில்லை என்பது என் கருத்து. தேவைப்படாத மாத்திரை என்பது வேறு, குழந்தைக்குக் கெடுதல் செய்த மாத்திரை என்பது வேறு. இரண்டாவதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் டாக்டர் சொன்ன என்சைம் விஷயம். அவர் சொன்னது சரி. அவசரத்தில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார், நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கிருமிக்கு வாய் கிடையாது. எதை உண்ண வேண்டுமானாலும் நொதியை வெளியே சுரந்து, அங்கேயே கரைத்துத்தான் உறிஞ்சிக்கொள்ளும். செரேஷியாவின் நெருங்கிய உறவுக்காரக் கிருமிகள் பல இந்த விஷயத்தில் அடக்கமானவை. செரேஷியா தாராளமாகச் சுரக்கும். புரதத்தைக் கரைக்க ஒன்று, கொழுப்பைக் கரைக்க ஒன்று, டி.என்.ஏ.வை வெட்ட ஒன்று. கல்ச்சர் லேபில் இந்தக் கிருமியை அடையாளம் காண்பதற்கே இவை உதவுகின்றன. டி.என்.ஏ. கலந்த தட்டில் கிருமியை ஒரு கோடாகத் தீற்றி ஒரு நாள் வளரவிட்டு, மேலே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுவார்கள். தட்டு முழுவதும் பால்போல் வெளுக்கும். கிருமி வளர்ந்த கோட்டைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் தெரியும், அங்கே டி.என்.ஏ. வெட்டுப்பட்டுப் போயிருக்கும். ஜெலட்டின் குழாயில் வளர்த்தால், அதைப் பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தாலும் உறையாமல் தண்ணீராகவே நிற்கும். இப்போது பல லேப்களில் இயந்திரமே பெயரைச் சொல்லிவிடுகிறது என்றாலும், மருத்துவ மாணவர்கள் இன்றும் இந்தத் தட்டுகளைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள்.

ஜெலட்டினைத் தண்ணீராக்கும் அந்தப் புரத நொதி, துத்தநாக அணு ஒன்றை வைத்துக்கொண்டு வேலை செய்வது. உங்கள் மாத்திரையில் இருந்ததும் அதே குடும்பம்தான். ஆனால் உயிருள்ள கிருமி அதை ரத்தத்துக்குள்ளேயே, திசுவுக்குப் பக்கத்திலேயே சுரக்கும்போது விளைவு வேறு. ஜப்பானில் குமமோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி மயேதா குழுவினர் 1980-களில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். நம் ரத்தத்தில் ஹேக்மன் காரணி என்று ஒரு புரதம் செயலற்ற நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. உறைதல் காரணிகளில் 12-வது அது. செரேஷியாவின் நொதி அதை வெட்டிச் செயல்பட வைத்துவிடுகிறது. அது அடுத்த புரதத்தை எழுப்ப, கடைசியில் பிராடிகைனின் என்ற சிறு துணுக்கு உருவாகிறது. பிராடிகைனின் நுண்ணிய ரத்தக்குழாய்களை விரித்து, அவற்றின் சுவர்ச் செல்களுக்கு இடையே இடைவெளியை உண்டாக்கும். ரத்தத்தின் நீரும் அல்புமின் என்ற புரதமும் திசுவுக்குள் கசியும். வெளியே உடம்பு உப்பும், உள்ளே ரத்த அழுத்தம் இறங்கும்.

உங்கள் மகனின் இமையும் கைகாலும் உப்பியதில் இந்தக் கசிவுக்குப் பங்கு உண்டு. குளுக்கோஸ் அதிகமாக ஏற்றிவிட்டார்கள் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நிறையப் பெற்றோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ரத்தக்குழாயிலிருந்து கசிந்து வெளியேறிய நீரை ஈடுகட்டவே அந்த நேரத்தில் திரவம் ஏற்ற வேண்டியிருக்கிறது.

இந்த நொதி செய்வது அத்தோடு முடியவில்லை. கிருமியைப் பிடிக்க வேண்டிய ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தையே வெட்டிவிடும். நம் வெள்ளையணுக்கள் கிருமியோடு போராடும்போது எலாஸ்டேஸ் என்ற சொந்த நொதியை வெளியிடுகின்றன. அது நம் திசுவையே அரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சினையும் செரேஷியாவின் நொதி செயலிழக்கச் செய்யும். அப்புறம் கிருமியின் நொதியோடு நம்முடைய நொதியும் சேர்ந்து திசுவைத் தின்னும். செல்களின் மேற்பரப்பில், வெட்டுப்பட்டால் மட்டுமே விழித்துக்கொள்ளும் ஏற்பிகள் சில இருக்கின்றன. செரேஷியாவின் நொதி அவற்றில் ஒன்றைத் தூண்டி, ஐ.எல்.-6, ஐ.எல்.-8 போன்ற அழற்சித் தூதுகளைச் சுரக்க வைக்கிறது என்று 2007-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது நுரையீரல் பாதையின் செல்களில்.

ஆனாலும் எல்லாப் பழியையும் நொதியின் மேல் போட முடியாது. செரேஷியா, கிளெப்சியெல்லா, ஈ.கோலி போன்ற கிருமிகளின் வெளி உறையிலேயே எண்டோடாக்சின் என்ற கொழுப்புச் சர்க்கரை இருக்கிறது. அது நொதி அல்ல. நம் வெள்ளையணுக்கள் அதைக் கண்ட மாத்திரத்தில் அழற்சியைத் தொடங்கிவிடும். இவ்வகைத் தொற்றுகளில் முதல் தூண்டுதல் பெரும்பாலும் அதுதான். தொடங்கிய அழற்சியைப் பெருக்குவதும், திசைமாற்றுவதும், அடங்கவிடாமல் இழுத்தடிப்பதும் நொதிகளின் பங்கு. உங்கள் டாக்டர் "என்சைமும் சேர்ந்து" என்று சொன்னதில் அந்த "உம்" மிகச் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

கிருமிக்குக் கிருமி இது மாறவும் செய்யும். சூடோமோனாஸின் எலாஸ்டேஸ், உறங்கிக்கொண்டிருக்கும் ஐ.எல்.-1 பீட்டாவை நேரடியாகவே வெட்டி எழுப்பிவிடும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கோஆகுலேஸ் என்ற புரதத்தால் நம் ரத்தத்தின் உறைதல் முறையையே தன்வசப்படுத்தி, தன்னைச் சுற்றிப் பாதுகாப்பாக உறைகட்டிவைக்கும். மேலைநாடுகளில் பிறந்த முதல் சில நாட்களில் வரும் ரத்தத் தொற்றுக்கு முக்கியக் காரணமான குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இதற்கு நேர்மாறு. வெள்ளையணுக்களைக் கூப்பிடும் சி5ஏ என்ற தூதை ஒரு நொதியால் வெட்டிப் போட்டுவிடும். இன்னொரு நொதியால், திசுவில் செல்களுக்கு இடையே இருக்கும் ஹயலுரோனான் என்ற பொருளை மிகச் சிறு துண்டுகளாக்கி, அந்தத் துண்டுகளைக் கொண்டே அழற்சி ஏற்பிகளை அடைத்துவிடும் என்று எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதாவது சில நொதிகள் அழற்சியைக் கூட்டும், சில அமுக்கும். அமுக்குவது நல்லதுபோலத் தோன்றும். உடம்பு எதிர்க்காத நேரத்தில் கிருமி பெருகிவிடுவதால் அதுவும் ஆபத்துதான்.

இதே கிருமி உங்கள் ரத்தத்தில் நுழைந்திருந்தால் நீங்கள் இதைவிட எளிதாகச் சமாளித்திருக்கலாம். உங்கள் மகனுக்கு அது ஏன் இவ்வளவு கடினமாயிற்று? தாயின் ஐ.ஜி.ஜி. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் பெருமளவில் போவது கடைசி மூன்று மாதங்களில். 31 வாரத்தில் பிறந்தவன் அதில் பெரும்பகுதியைப் பெறாமலேயே வந்துவிட்டான். எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணுக்களின் இருப்பு குறைவு. பெருந்தொற்று வந்தால் அது சீக்கிரம் தீர்ந்து, ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு எண்ணிக்கை ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். கிருமியைத் துளைக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களும், உறைதலைக் கட்டுக்குள் வைக்கும் ஆன்டித்ரோம்பினும் முழுமாதக் குழந்தைக்கே பெரியவர்களைவிடக் குறைவு. குறைமாதக் குழந்தைக்கு இன்னும் குறைவு. 1 கிலோ 400 கிராம் குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் ஏறத்தாழ 120 மில்லி, ஒரு டீ டம்ளர் அளவுதான். அதில் கொஞ்சம் கசிந்து வெளியேறினாலும் இதயத்துக்கும் மூளைக்கும் உடனே தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் குழந்தைகள் நம்மைவிட வசதியாக இருக்கிறார்கள். ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் என்ற பெரிய புரதம் ரத்தத்தில் அலையும் எந்த வகைப் புரத நொதியையும் கவ்விக்கொள்ளக் கூடியது. அதன் அளவு குழந்தைகளிடம் பெரியவர்களைவிட அதிகம். உங்கள் மகன் பிழைத்து எழுந்ததில் அதற்கும் பங்கு இருந்திருக்கும்.

சி.ஆர்.பி.க்கு வருகிறேன். ஊசி போட்ட பிறகு ஏறியதால் மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்திருக்கிறீர்கள். சி.ஆர்.பி.யைக் கிருமி உண்டாக்குவதில்லை. ஐ.எல்.-6 என்ற தூது கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கல்லீரல் தயாரிப்பது அது. தொற்று தொடங்கி ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்துத்தான் ஏறத் தொடங்கும். ஒன்றரை நாள் முதல் இரண்டு நாளில் உச்சிக்குப் போகும். கிருமி முழுவதும் செத்த பிறகும், ஏற்கெனவே கிளம்பிவிட்ட தூதுகளுக்குக் கல்லீரல் வேலை செய்துகொண்டே இருக்கும். உங்கள் மகனுக்கு முதலில் பார்த்த 14 என்பது ஏற்றத்தின் தொடக்கம். மறுநாள் 68 என்பது முந்தைய நாள் நடந்ததன் கணக்கு. தூண்டுதல் நின்றுவிட்டால் சி.ஆர்.பி. சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால்தான் இதை ஒருமுறை பார்த்து முடிவு செய்யாமல் திரும்பத் திரும்ப எடுக்கிறோம். மூன்றாம், நான்காம் நாளும் இறங்காவிட்டால்தான் கவலை. மூளைக்காய்ச்சல் இருக்கிறதா, நரம்பில் போட்ட குழாயில் கிருமி ஒட்டியிருக்கிறதா, மருந்து பொருந்தவில்லையா என்று தேடத் தொடங்குவோம்.

இங்கே நொதிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும், ஏற்கெனவே சுரந்துவிட்ட நொதியை அது தொடாது. சுவர் உடைந்து சாகும் கிருமியிலிருந்து எண்டோடாக்சின் இன்னும் கொஞ்சம் வெளியே கொட்டும். அதனால் சரியான மருந்து போட்ட முதல் நாளிலும் குழந்தை மேலும் வாடுவது உண்டு. "கொஞ்சம் பொறுங்க" என்று உங்கள் டாக்டர் சொன்னது இந்த நேரத்தைத்தான்.

அந்த நொதியைத் தடுக்க மருந்து இருக்கிறதா என்றால், பச்சிளங்குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று நிரூபித்த மருந்து எந்த ஊரிலும் இல்லை. காசில்லாமல் உங்களுக்கு எதுவும் விட்டுப்போகவில்லை. பெரியவர்களின் ஐ.சி.யு.க்களில் யூலினாஸ்டாட்டின் என்ற விலைகூடிய ஊசியைப் பயன்படுத்துகிறார்கள். அது டிரிப்சின் வகை நொதிகளைத் தடுப்பது. செரேஷியாவின் துத்தநாக நொதி அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. எதிர்ப்புப் புரதத்தை ஊசியாகக் கொடுத்தால் பயன் இருக்குமா என்று ஒன்பது நாடுகளில் 3493 குழந்தைகளை வைத்துப் பெரிய ஆய்வு செய்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வயதுக்குள் இறப்போ பெரிய குறைபாடோ ஏற்பட்டவர்கள், ஊசி போட்ட குழந்தைகளிலும் போடாதவர்களிலும் ஒரே அளவு, 39 சதவீதம். அதனால் இந்த ஊசிக்காக நகையை அடகு வைக்க வேண்டாம் என்று என்னிடம் வரும் குடும்பங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகனைக் காப்பாற்றியவை எவை என்று பாருங்கள். கிருமிக்குப் பொருந்திய ஆன்டிபயாடிக் முதலாவது. செரேஷியாவுக்கு ஆம்பிசிலின் கேட்காது. மற்ற மருந்துகள் கைவிடும்போது கடைசியாக எடுக்கும் கோலிஸ்டினும் கேட்காது. இரண்டையும் எதிர்ப்பது அதன் பிறவிக் குணம். கல்ச்சரில் பெயர் தெரியாமல் இருந்திருந்தால் தவறான மருந்தில் நாள் போயிருக்கும். மருந்து தொடங்கும் முன் அந்தச் சின்ன உடம்பிலிருந்து ஒரு மில்லி ரத்தத்தை கல்ச்சர் புட்டியில் எடுத்து வைத்தார்களே, அதன் மதிப்பு அவ்வளவு. அடுத்தது கசிவை ஈடுகட்டிய திரவம், மூச்சுக்கு உதவிய கருவி, ரத்த அழுத்தத்தைத் தாங்கிய சொட்டு மருந்து, இரவெல்லாம் பக்கத்தில் நின்ற நர்ஸ். நொதியின் விளைவுகளைத் தாங்கிப் பிடித்து, உடம்பே அதை அப்புறப்படுத்தும்வரை நேரம் வாங்கிக் கொடுத்தவை இவைதான். இவற்றை வெறும் துணைச் சிகிச்சை என்று சொல்வது எனக்கு ஒப்பாது.

சரி, கிருமி எங்கிருந்து வந்தது? செரேஷியாவுக்கு ஈரம் பிடிக்கும். குளியலறைத் தரையின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் படிகிறதே, அதில் பல நேரம் இதுவும் இருக்கும். 1819-ல் இத்தாலியில் பதுவா நகருக்குப் பக்கத்தில் ஈரமான சோளக்களி ரத்தம்போல் சிவந்துபோக, ஊரே அஞ்சியது. ஆராய்ந்து பார்த்து, காரணம் ஒரு நுண்ணுயிரி என்று சொல்லிப் பெயரிட்டவர் பார்த்தோலோமியோ பிட்சியோ. மருத்துவமனைகளில் வளரும் வகைகளில் பல நிறமே காட்டாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. உலகெங்கும் என்.ஐ.சி.யு.க்களில் இது பரவிய நிகழ்வுகளில் திரவ சோப்பு, கை கழுவும் தொட்டி, பால் கறக்கும் பம்ப், கலப்படமான கிருமிநாசினி எல்லாம் பிடிபட்டிருக்கின்றன. ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்கு அதைக் கொண்டுபோவது பெரும்பாலும் கைகள். நம் நாட்டு நிலைமையும் உங்களுக்குத் தெரியட்டும். தில்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்து, 2016-ல் வெளியான ஆய்வில், தீவிர சிகிச்சையில் சேர்ந்த குழந்தைகளில் 14.3 சதவீதம் பேருக்கு ரத்தத் தொற்று வந்திருந்தது. அங்கே முன்னால் நின்றவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலி. எல்லாமே எண்டோடாக்சின் உறை கொண்ட கிருமிகள். இதைத் தடுக்கும் பொறுப்பு முதலில் மருத்துவமனைகளுடையது. ஒரு தாய் கறந்த பாலின் மேல் அதை ஏற்றுவது அநியாயம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பம்ப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஒவ்வொரு முறையும் பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றி, சோப்பு நீரில் கழுவி, நாளுக்கு ஒருமுறையாவது கொதிக்கவைத்து, சுத்தமான துணியின் மேல் முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு டப்பாவுக்குள் போட்டு மூடாதீர்கள். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையையும் அப்படியே. பாலாடையின் மூக்குப் பகுதியில் பால் திரைந்து ஒட்டும், விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். குழந்தையைத் தூக்கும் எல்லோரும் கை கழுவட்டும். கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்துக்கொள்வதைத் தொடருங்கள், அதுவே தொற்றைக் குறைக்கும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, சேனை வைப்பது, உரைமருந்து, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் இவனுக்கு வேண்டாம்.

உங்கள் மாமியாருக்கு ஒரு வார்த்தை. அம்மா, பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறீர்கள், புரிகிறது. உங்கள் மருமகளின் பாலில் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் இருக்கிறது, கிருமியைத் தடுக்கும் லாக்டோஃபெரின் இருக்கிறது, லைசோசைம் என்ற நொதியும் இருக்கிறது. லைசோசைம் கிருமியின் சுவரை வெட்டுகிற நொதி. பவுடர் டப்பாவில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலைவிடப் பெரிய காவல் எனக்குத் தெரியாது. பாலாடையைக் கொதிக்கவைத்துக் காயவைக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் மருமகள் கொஞ்சம் தூங்குவாள், பாலும் நன்றாகச் சுரக்கும்.

கடைசியாக, இனிமேல் என்ன. எடை ஏறியிருப்பது மிக நல்ல அறிகுறி. ஆனால் செரேஷியாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பச்சிளங்குழந்தையின் ரத்தத்திலிருந்து மூளைக்குப் போனால், திசுவை அரித்துச் சீழ்க்கட்டி உண்டாக்கக் கூடியது. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். முதுகுத்தண்டு நீர் எடுத்துப் பார்த்தார்களா, தலை ஸ்கேன் எடுத்தார்களா, முடிவு என்ன? 14 நாளில் மருந்தை நிறுத்தியிருப்பதால் மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். இருந்திருந்தால் குறைந்தது 21 நாள் போட்டிருப்பார்கள். சம்மரியில் இவை இல்லை என்றால் அந்த மருத்துவமனையிலேயே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தலை ஸ்கேன் எடுக்காமல் இருந்தால் இப்போதும் எடுக்கலாம், உச்சிக்குழி திறந்திருக்கும்வரை சாதாரண அல்ட்ராசவுண்டே போதும்.

விழித்திரைப் பரிசோதனை முடிந்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும். ரத்தத் தொற்று வந்த குழந்தைக்கு விழித்திரைப் பாதிப்புக்கான வாய்ப்பு இன்னும் கூடுதல். உங்கள் மகனுக்கு 50 நாள் ஆகிவிட்டது. செய்யவில்லை என்றால் அடுத்த வாரம் என்று தள்ளாமல் நாளைக்கே, ஆர்.ஓ.பி. எனப்படும் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைப் பாதிப்பைப் பார்க்கும் கண் மருத்துவரிடம் போங்கள். இதில் சில நாள் தாமதம்கூடப் பார்வையைப் பறித்துவிடும். செவித்திறனுக்குப் பெரா பரிசோதனையும் தேவை. ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற மருந்துகள் கொடுத்திருந்தால் கட்டாயம். தடுப்பூசிகளைப் பிறந்த தேதிக் கணக்கில் போடுங்கள். கழுத்து நிற்பது, சிரிப்பது போன்ற வளர்ச்சியை மட்டும், அவன் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு வருந்தாதீர்கள்.

இன்னும் சில மாதங்களுக்கு இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தவன் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவள்வது, வயிறும் பாதமும் தொட்டால் சில்லென்று இருப்பது அல்லது 37.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடுவது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்ளிழுப்பது, வலிப்பு, உச்சிக்குழி புடைப்பது, தலை வேகமாகப் பெருப்பது. இந்த வயதில் தொற்று காய்ச்சலோடுதான் வரும் என்பதில்லை, உங்கள் மகனே பத்தாம் நாள் அதைக் காட்டினான். இரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்துக்கொண்டு, முதலில் பார்க்கும் டாக்டரிடம் "இவனுக்கு ஏற்கெனவே செரேஷியா தொற்று வந்திருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். அவர் எந்த ஆன்டிபயாடிக்கில் தொடங்க வேண்டும் என்பதை அந்த ஒரு தகவலே மாற்றும்.